கொழுந்தன் கொடுத்த ரத்தம்

இப்போது எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. சாயங்காலமானால் வரும் குளிர்காய்ச்சல் வருவதில்லை. ரவிக்கை உடம்பில் நிற்கிறது. பூலாம்பாடியில் என் அண்ணன் வீட்டுப் பின்பக்க அறையில், வெங்காய மூட்டை வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். குணமாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நோய் கொஞ்ச நாள் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். அது சும்மா இருக்கும்போதே நான் எழுதி முடித்துவிட வேண்டும்.

எனக்கு ஒரே மகன், இளங்கோ. இன்னும் மூன்று வயது முடியவில்லை. அவனை என்னிடம் விடுவார்களா, பிரித்துவிடுவார்களா என்பதுதான் ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் முழுக்க எனக்கு இருந்த பயம். செத்துப்போவேனோ என்ற பயம் அதற்கு அடுத்ததுதான். பெற்றவளைக் கேட்டால் அப்படித்தான் சொல்வாள்.

அவன் பிறந்தது அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பிள்ளை வெளியே வந்த பிறகு எனக்கு ரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பாள் என்று எடுத்துவிட்டார்கள். எனக்கு இதெல்லாம் பிறகு சொல்லித் தெரிந்ததுதான். என் வீட்டுக்காரர் அப்போது என் அண்ணனைக் கூட்டிவரப் பூலாம்பாடிக்குப் பஸ் ஏறிப் போயிருந்தார். நான் கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் என் கொழுந்தன் செல்வராசு நின்றுகொண்டிருந்தான். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"ஒனக்கு ரத்தம் குடுத்து உசுரக் காப்பாத்துனவன் இவன்தாம்மா. மறந்துடாத" என்றார் என் மாமியார். அத்தை என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன்.

நான் மறக்கவில்லை. திருமானூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் கொள்ளிடத்து மீன் வந்தால் நடுத்துண்டு கொழுந்தனுக்குத்தான். அவனுக்குக் கல்யாணம் வந்தபோது என் அம்மா போட்ட வளையலைக் கழற்றி, பெண்ணுக்கு அழித்துச் செய்யுங்கள் என்று நானே கொடுத்தேன். சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அத்தை இந்த ரத்தக் கதையைச் சொல்லுவார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொள்வான். பெருமையை வெளியே காட்டிக்கொள்ளாத பிள்ளை என்று நான் உருகிப்போவேன். அந்தப் பஞ்சுக்கு அடியில் ஊசி குத்திய இடம் இருந்ததா என்று பார்க்க யாருக்குத்தான் தோன்றும்?

போன ரத்தத்தோடு என் பாலும் போய்விட்டது. முதல் சில வாரம் நாலு சொட்டு வந்தது, பிறகு அதுவும் இல்லை. பிள்ளை பசும்பாலில்தான் வளர்ந்தான். "பெத்தா மட்டும் போதுமா, பாலு குடுக்கத் துப்பு வேணாமா" என்று அத்தை அடுப்படியிலிருந்து சுவருக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்வார். தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதிருக்கிறேன்.

அவனுக்கு ஒரு வயது தாண்டிய சமயம் எனக்கு இடுப்பிலிருந்து முதுகு வரைக்கும் ஒரே பக்கமாகக் கொப்புளம் கிளம்பியது. தீயில் வாட்டுவதுபோல எரிச்சல். அக்கி என்றார்கள். எங்கள் பக்கத்தில் அக்கிக்கு டாக்டரிடம் போகிற வழக்கமில்லை. குயவர் வீட்டுக்குப் போனால் காவி குழைத்து, அக்கியின் மேலேயே சிங்கம் எழுதுவார்கள். எனக்கும் எழுதினார்கள். கொஞ்ச நாளில் காய்ந்து உதிர்ந்துவிட்டது, தழும்பு மட்டும் நின்றது. எழுதினதால் ஆறியது என்று நினைத்தோம். அது தானாகவே ஆறக்கூடியது என்பதும், சின்ன வயதில் அப்படி வந்தால் ஏன் வந்தது என்று கேட்க வேண்டும் என்பதும் அப்போது யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு காய்ச்சல், இருமல், இளைப்பு. என் வீட்டுக்காரருக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை. அவர் சட்டையை உதறித் துவைப்பவள் நான். அதனால் ஊரே சேர்ந்து எனக்கு வைத்தியம் பார்த்து, சிமெண்ட் தூசுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டது. அரியலூர் டாக்டர் முதலில் டைபாய்டு என்றார். பிறகு ரத்தசோகை என்றார். வாய்க்குள் நாக்கிலும் கன்னத்திலும் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை படிந்தபோது சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். முன்னே ஏதாவது வியாதி வந்ததா என்று அவர் கேட்டபோது, "ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அத்தை. நானும் தலையாட்டினேன். குயவர் வீட்டில் தீர்ந்துபோனதை யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா?

கடைசியில் என்னால் குடத்தைத் தூக்க முடியாமல் போனதும் வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெயர் எதற்கு, எல்லாப் பெரிய ஆஸ்பத்திரியும் ஒரே ஆஸ்பத்திரிதான். பினாயில் வாடை, பச்சைத் திரை, பெஞ்சியில் இடம் பிடிக்கத் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ஆட்கள். சளி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய் என்றார்கள். எனக்கு உண்மையில் நிம்மதியாக இருந்தது. பெயருள்ள நோய், மாத்திரையுள்ள நோய். பிள்ளையைக் கொஞ்ச நாள் பக்கத்தில் விட வேண்டாம், சளி சுத்தமானதும் தாராளமாக விடலாம் என்றார்கள். அதுவும் நியாயம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிள்ளையை அத்தை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குத் துணைக்கு வந்தது என் அண்ணன் மனைவி சரசு. வாய் ஓயாமல் பேசுகிறவள். பக்கத்துக் கட்டில்காரிகளின் பூர்வோத்தரமெல்லாம் கேட்டுவந்து எனக்குச் சொல்லுவாள். கஞ்சியை ஆற்றிக் கொடுத்து, எனக்கு இறங்காமல் மிச்சம் வைத்தால் அதே டம்ளரில் தானும் குடித்துவிடுவாள். அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மாத்திரை சாப்பிட்டும் நான் தேறுகிற வேகம் டாக்டரம்மாவுக்குப் போதவில்லை. அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மற்ற டாக்டர்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். இவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். முதுகில் குழாய் வைத்தபோது தழும்பைத் தடவினார்.

"இது என்ன?"

"அக்கிங்க. எழுதியாச்சு."

"எப்போ வந்துச்சு?"

சொன்னேன். அவர் என் சீட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். "இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்மா. இங்க அந்த டெஸ்ட் இல்ல, வெளிய அனுப்பணும்" என்றார். என்ன டெஸ்ட் என்று கேட்டேன். வந்த பிறகு சொல்கிறேன் என்றார்.

அந்த முடிவு வரும்வரை நான் ஒன்றும் பயப்படவில்லை. ஏற்கெனவே ஒரு நோய் இருக்கிறதே, இன்னொன்று எப்படி வரும் என்று நினைத்தேன். ஒரு கல்யாண வீட்டில் இரண்டு மாப்பிள்ளையா என்று சரசுகூடக் கேலி பண்ணினாள்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னையும் என் வீட்டுக்காரரையும் தனி அறைக்குக் கூப்பிட்டார். எய்ட்ஸ் என்ற வார்த்தையைப் பேப்பரில் படித்திருக்கிறேன். அமெரிக்காக்காரனுக்கும் பம்பாய்க்காரிக்கும் வருவது என்று நினைத்திருந்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். உடம்புக்குள் நோயை அண்டவிடாமல் காவல் காக்கும் அணுக்கள் உண்டு. இந்தக் கிருமி அந்தக் காவல்காரர்களையே தின்னும். தின்று முடிக்க வருஷக்கணக்காகும், அதுவரை ஆள் பார்க்க நன்றாகவே இருப்பார். காவல் போன பிறகு காசநோய், வாய்ப்புண், அக்கி என்று ஒவ்வொன்றாக உள்ளே வரும். எலிசா என்ற சோதனை கிருமியை நேராகப் பார்ப்பதில்லை. கிருமி நுழைந்ததால் உடம்பு தயாரித்த எதிர்ப்பைத்தான் பார்க்கும். எனக்கு இரண்டு தடவை செய்துவிட்டார்கள், இரண்டிலும் இருந்தது.

"இதுக்கு மருந்து?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இப்போதைக்கு இல்லீங்க. காசநோய்க்கு இருக்கு. அதை நல்லாக் குடுத்தா தேறுவாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவ்வளவு எளைக்க விட்டிருக்க மாட்டோம்."

ஏன் முன்னாடியே தெரியவில்லை என்பதற்கு விடை பிறகு கிடைத்தது. என் வீட்டுக்காரர் அரியலூர் டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அவர், "எனக்கும் ஒரு சந்தேகம் வந்துச்சுங்க. ஆனா குடும்பப் பொம்பளைகிட்ட அதைப் போயி எப்படிக் கேக்குறதுன்னு வுட்டுட்டேன்" என்றாராம். என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார், புண்ணியவான். டாக்டரம்மாவும் ஒருநாள் சலித்துக்கொண்டார். இங்கே சீக்கிரம் கண்டுபிடிக்கப்படுவது யார் என்றால், போலீஸ் பிடித்துக்கொண்டு வந்து ரத்தம் எடுக்கிற பெண்கள்தான். மரியாதையான வீட்டு ஆட்களெல்லாம் எலும்பும் தோலுமாகக் கடைசியில்தான் வருகிறார்கள், அவர்களைச் சோதிக்க எல்லோரும் கூச்சப்படுகிறார்கள் என்றார். மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வார்டில் அந்த மரியாதையும் நிற்கவில்லை. என் கட்டிலைக் கக்கூஸ் பக்கத்து மூலைக்குத் தள்ளினார்கள். கட்டிலில் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டினார்கள். கஞ்சி ஊற்றுகிற ஆள் எட்ட நின்று, காலால் தட்டைத் தள்ளு என்று சைகை காட்டுவான். ஊசி போடும் நர்ஸ் இரண்டு கையுறை போட்டுக்கொண்டு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்துவாள். பக்கத்துக் கட்டில்காரி, என்னிடம் சீப்பு வாங்கித் தலைவாரினவள், அந்தச் சீப்பை ஜன்னல் வழியாக வெளியே வீசினாள். வராண்டா விளக்கை அணைத்த பிறகு, யாரோ ஒருத்தர் கதவுப் பக்கம் வந்து என்னை எட்டிப்பார்த்துவிட்டுப் போவார். சரசு மட்டும் வழக்கம்போல மிச்சக் கஞ்சியைக் குடித்தாள். "ஏண்டி சரசு, வேணாம்டி" என்றேன். "டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன், வராதாம். அரிசி என்ன சும்மாவா வருது?" என்றாள்.

என் வீட்டுக்காரருக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அவருக்கு இல்லை என்று வந்தது. அதுவரை என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அந்தத் தாளைப் படித்ததும் கையை எடுத்துவிட்டார்.

"எனக்கு இல்ல. ஒனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன்.

"நான் ஆலைக்குப் போனப்புறம் வூட்டுக்கு யாரு வந்தா? சொல்லு."

அத்தை அங்கேதான் நின்றிருந்தார். செல்வராசும் நின்றிருந்தான். இரண்டு பேருக்கும் வாயில் கொழுக்கட்டை. என்னைப்பற்றி அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது அவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். "இப்பேர்ப்பட்டவகிட்ட எம் பேரன இனிமே நான் வுடுவனா" என்று அத்தை சொன்னதுதான் எனக்குக் கிடைத்த பதில். அன்றைக்குத்தான் பிள்ளை என் கையைவிட்டுப் போகப்போகிறான் என்று எனக்கு உறைத்தது. நான் தவறு செய்யவில்லை என்று நிரூபிக்க என்னிடம் என் வார்த்தையைத் தவிர ஒன்றுமில்லை.

மறுநாள் சுற்று வந்த டாக்டரம்மா என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். எல்லோரையும் வைத்துக்கொண்டே கேட்டார்.

"புருஷன் மூலமாத்தான் வரணும்னு இல்ல. உங்களுக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

"ஏத்தியிருக்காங்க. புள்ள பொறந்தப்ப."

"யாரு ரத்தம்?"

"என் கொழுந்தன் குடுத்தாரு" என்று பெருமையாகவே சொன்னேன். பழக்கதோஷம்.

டாக்டரம்மா செல்வராசு பக்கம் திரும்பினார். "அப்போ உங்களுக்கு உடனே டெஸ்ட் எடுக்கணும். கல்யாணம் ஆயிடுச்சா? மனைவிக்கும் எடுக்கணும்."

அவன் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். செல்வராசின் முகம் வெளிறிப்போய்விட்டது. அவன் அம்மாவைப் பார்த்தான்.

"அவன் குடுக்கலீங்க" என்றார் அத்தை.

"இவங்க குடுத்தாருன்னு சொல்றாங்களே?"

"கல்யாணம் பண்ண வேண்டிய புள்ளைங்க அது. ரத்தம் குடுத்தா ஆம்பளைக்கு ஒடம்பு ஒடஞ்சு போயிடும்னாங்க. அதான் வெளில ஒரு ஆளுகிட்ட வாங்குனோம். கம்பவுண்டர்தான் கூட்டியாந்தாரு. வேற ஆளு ரத்தம் ஏறியிருக்குன்னா நாளைக்கு சாதிசனம் ஒரு மாதிரி பேசும், அதான் இவன் குடுத்தான்னு சொல்லி வச்சோம். நாங்களும் சும்மா வாங்கிடலீங்க. என்ன ஆளுங்கன்னு நல்லா விசாரிச்சுத்தான் வாங்குனோம். நம்ம ஆளுங்கதான்னு கம்பவுண்டர் சத்தியம் பண்ணாரு."

"வேற என்ன விசாரிச்சீங்க?"

"வேற என்னங்க விசாரிக்கிறது?"

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மூடிவிட்டார். அந்தச் சமயத்தில் யார் விசாரித்திருந்தாலும் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்திருக்க முடியாது, ஊரில் சோதனையே கிடையாது என்று அவரே பிறகு எனக்குச் சொன்னார். இருக்கட்டும். ஆனால் வீட்டில் திடகாத்திரமாக நின்ற பிள்ளை கையை நீட்டியிருந்தால் எனக்கு இது வந்திருக்காது. பிழைப்புக்கு ரத்தம் விற்ற அந்த மனுஷன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் இந்நேரம் இருக்கிறானோ இல்லையோ. பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்து நின்று, நடுத்துண்டு மீன் தின்றானே, அவன்மேல்தான் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முந்தின நாள் என்னை நடத்தை கெட்டவளாகப் பேசவிட்டு வேடிக்கை பார்த்த அத்தை, என்னைக் காப்பாற்ற வாயைத் திறக்கவில்லை. தன் சின்ன மகன் பேர் கெடப்போகிறது என்றதும் திறந்தார். என் வீட்டுக்காரர் பெஞ்சியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நேற்றுக் கேட்டது தப்பு என்று. சொல்லவில்லை. அத்தை கம்பவுண்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். "படுபாவி, சாதிய மாத்திச் சொல்லிட்டான். நம்ம ஆளு ரத்தமா இருந்தா இப்படி வருமா?"

உண்மை வெளியே வந்துவிட்டது, இனி என் பிள்ளையை என்னிடம் விடுவார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு ஏமாளியாக இருந்திருக்கிறேன். டாக்டரம்மா பிள்ளைக்கும் சோதனை எடுக்க வேண்டும் என்றார். எனக்கு ரத்தம் ஏறியது அவன் பிறந்த பிறகு. அதனால் வயிற்றிலிருந்தபோது வந்திருக்க வழியில்லை. ஆனால் அந்த முதல் சில வாரப் பால் வழியாக வந்திருக்கலாம். பால் வற்றிப்போனது நல்லதுதான் என்று சொன்னார். துப்பில்லாதவள் என்று நான் வாங்கிய பேச்சுக்கெல்லாம் யாரிடம் போய்க் கணக்குத் தீர்ப்பது?

அத்தை சோதனை வேண்டாம் என்றார். தெரிந்து என்ன ஆகப்போகிறது, ஊருக்குத் தெரிந்தால் செல்வராசு பிள்ளைகளுக்குப் பெண் கொடுப்பார்களா என்றார். நான்தான் விடவில்லை. எனக்குத் தாமதமாகத் தெரிந்த மாதிரி அவனுக்கும் ஆகக் கூடாது என்று கட்டிலில் சாப்பிடாமல் கிடந்தேன். என் அண்ணன் போய்ச் சண்டைபோட்டு அவர்களையும் பிள்ளையையும் பஸ் ஏற்றிக் கூட்டிவந்தார். பிஞ்சுக் கையில் ஊசி ஏறியபோது அவன் "அம்மா" என்றுதான் அழுதான், பாட்டி மடியில் உட்கார்ந்துகொண்டு.

முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் கேடுகெட்ட நினைப்பு ஒன்று எனக்கு வந்தது. அவனுக்கும் இருந்துவிட்டால் அவனை யாரும் கேட்க மாட்டார்கள், என்னிடமே தள்ளிவிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் பூலாம்பாடியில் ஒன்றாக இருந்துகொள்ளலாம். நினைத்த அடுத்த நொடியே வாயில் அடித்துக்கொண்டேன். இல்லாத தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டு, அவனுக்கு இருக்கக் கூடாது என்று வேண்டினேன். ஆனாலும் அந்த நினைப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

முடிவு வந்த அன்று எல்லோரும் அந்தத் தனி அறையில் இருந்தோம். இளங்கோ மேஜைமேலிருந்த மணியை அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

"பையனுக்கு இல்ல."

எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. என் சளியும் சுத்தம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். வாடா என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவன் மணியை விட்டுவிட்டு என்னிடம் வரத் திரும்பினான். அதற்குள் அத்தை அவனை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இல்லேன்னு ஆயிடுச்சுல்ல. இனிமே வந்துடக் கூடாதுல்ல."

"தொட்டா வராதும்மா" என்றார் டாக்டரம்மா. "தூக்கினா வராது. ஒண்ணாச் சாப்பிட்டா வராது, ஒண்ணாப் படுத்தா வராது. எத்தனை தடவை சொல்றது? அவங்க புள்ளையை அவங்ககிட்ட குடுங்க."

"நீங்க படிச்சவங்க, சொல்றீங்க. உங்க புள்ளையா இருந்தா குடுப்பீங்களா?"

டாக்டரம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குடுப்பேன்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார், அவரைப்பற்றி எனக்குத் தெரியும். ஆனால் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அத்தை வாசலைத் தாண்டிவிட்டார்.

என் வீட்டுக்காரர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தரையைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றார். வராண்டாவில் நின்று நான் பார்த்தேன். இளங்கோ பாட்டி தோள்மேல் ஏறி என் பக்கம் திரும்பியிருந்தான். பஸ்ஸில் போகப்போகிற சந்தோஷம் அவனுக்கு. எனக்கு டாட்டா காட்டினான். நானும் காட்டினேன்.